வலப்பக்கக் காற்று

ஜனவரி 4, ஞாயிறு

காற்று: வடமேற்கு, மத்தியானத்துக்குப் பிறகு பலம். அலை: இடுப்பளவு. தண்ணீர்: வெதுவெதுப்பு. தெருவில் பனி: இல்லை, இல்லவே இல்லை.

எங்கள் வீடு இருக்கும் ஸ்காபரோவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம், வண்டியை எடுக்குமுன் காலநிலையையும் தெருநிலையையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடுகிறதாக இல்லை. தெருவே இல்லாத இடத்துக்கு வந்திருப்பதால் கடலை எழுதுகிறேன்.

இடம் மெக்சிக்கோவின் மேற்குக் கரை. முன்னால் பசிபிக் கடல், பின்னால் தென்னந்தோப்பு, நடுவில் எல் கரீசோ என்ற சின்ன ஊர். கரையை ஒட்டிய இரண்டு அறை வீடு ஒரு மாதத்துக்கு எங்களுடையது. எங்களுடையது என்றால் எனக்கும், என் கணவர் குகதாசனுக்கும், அவருடைய தூண்டில் குழாய்களுக்கும். விமான நிலையத்தில் அந்தக் குழாய்களுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

போன வைகாசியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் தப்பியது. பேச்சும் தப்பியது, அது மட்டும் என் போதாத காலம் என்று அவருக்கு முன்னாலேயே சொல்லுவேன். வலது கைதான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. விரல்கள் நடுங்கும், பிடித்த பிடி இடையில் விட்டுப்போகும். அதைப் பார்த்ததிலிருந்து கல்கரியில் இருக்கும் எங்கள் மகன் பிரணவன், அப்பாவால் தானாக ஒரு வாய் சோறு சாப்பிட முடியவில்லை, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நல்ல பிள்ளை. மருமகளும் தங்கம். ஆனால் எனக்கு என் வீடு வேண்டும், என் குசினி வேண்டும், வாசலில் என் தபால்பெட்டி வேண்டும். அவருக்கும் அப்படித்தான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். 24ஆம் தேதி பிரணவன் இங்கே வந்து நான்கு நாள் நிற்பான். அப்பா தன் பாட்டைத் தானே பார்க்கிறார் என்று கண்ணால் கண்டால் வீடு தப்பும். இல்லாவிட்டால் வசந்தகாலத்தில் வாசலில் விற்பனைப் பலகை நடப்படும். விடுமுறை என்று பெயர், நடப்பது பரீட்சை.

ஜனவரி 5, திங்கள்

காலையில் காற்று இல்லை. தண்ணீர் தெளிவு. கூழைக்கடாக்கள் கரையோரமாகத் தலைகீழாக விழுந்து விழுந்து எழும்பின. அங்கே சூடை என்ற பொடிமீன் கூட்டம் நிற்கிறது என்றார் எஃப்ரேன்.

எஃப்ரேன் எங்கள் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் இருக்கிறார். தொப்பியோடு பிறந்திருப்பார் என்று நினைக்கிறேன். வரும் விருந்தாளிகளை மீன்பிடிக்கக் கூட்டிப்போவது தொழில். அவர்களிடம் கற்ற ஆங்கிலத்தில் அரைவாசி சபையில் சொல்ல முடியாதது.

என் கணவர் செய்யும் மீன்பிடியைப் பற்றி எழுதவேண்டும். ஃபிளை ஃபிஷிங் என்பார்கள். புழு இல்லை, இறால் இல்லை. கொக்கியில் இறகும் மினுங்கும் நூலும் கட்டிய ஒரு பொய்மீன். அதற்குப் பாரமே கிடையாது, பாரமெல்லாம் கயிற்றில்தான். கயிற்றைத் தலைக்கு மேலாகப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி, அது காற்றில் நீண்டு வரும் நேரம் பார்த்து விடவேண்டும். ஒன்ராறியோ ஆறுகளில் இதை வருடக்கணக்காகச் செய்தவர். கடலில் இப்போதுதான்.

இங்கே அவர் தேடி வந்தது சேவல் மீன். முதுகில் ஏழு நீண்ட முட்கள், சேவல் கொண்டை மாதிரி. சூடையைத் துரத்தி வரும்போது அந்தக் கொண்டை தண்ணீருக்கு மேலே தெரியுமாம். விடியற்காலையில் காற்று இல்லாதபோது வராது. பத்து மணிக்கு மேல் காற்று எழும்பி, சூடையைக் கரைக்குத் தள்ளும்போதுதான் வரும்.

சிக்கல் அதில்தான் இருக்கிறது. இந்தக் கரையில் குளிர்காலம் முழுக்கக் காற்று வடமேற்கு. கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கமாக வந்து அடிக்கிறது. வலக்கையால் வீசுகிறவருடைய கயிறு திரும்பி அவர் மேலேயே விழுகிறது. இவருடைய கையோ முதலே நடுங்குகிற கை. இன்று கடலுக்குள் போனதைவிட அவருடைய கழுத்தைச் சுற்றிப் போன கயிறுதான் அதிகம்.

எஃப்ரேன் ஒரு பாரை மீன் பிடித்தார். கொழுத்த பாரை. கொக்கியைக் கழற்றி, நெற்றியில் ஒரு கொஞ்சு கொஞ்சிவிட்டுத் திரும்பக் கடலில் விட்டார். விடுவதென்றால் எதற்குப் பிடிக்கவேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரு பாவப்பட்ட பிறவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் வீட்டில் வெங்காயம் வெட்டிவைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஜனவரி 7, புதன்

காற்று. மீன் இல்லை. புட்டும் சம்பலும்.

ஜனவரி 9, வெள்ளி

காற்று: வடமேற்கு, போக்கிரித்தனம். அலை: மார்பளவு.

இன்று இவருக்குக் காதுகுத்து.

பின்னுக்குப் போன கயிறு முன்னுக்கு வரும்போது காற்று அதைத் தள்ளி, கொக்கி வலது காதுமடலில் ஏறிவிட்டது. இறகும் மினுங்கல் நூலும் தொங்க, கடற்கரையில் ஜிமிக்கி போட்ட மணமகள் மாதிரி நின்றார். எஃப்ரேன் கொக்கி நுனியின் எதிர்முள்ளை முதலே நசுக்கிவைத்திருந்ததால் ஓர் இழுவையில் வந்துவிட்டது. அறுபது வயதில் காது குத்தினாலும் மாமன் மடியில் இருத்தித்தான் குத்தவேண்டும், உங்களுக்கு எஃப்ரேன்தான் மாமன் என்றேன். அவர் சிரித்தார். மருந்து பூசும்போது சிரிக்கவில்லை.

காற்று வலப்பக்கமென்றால் கையை மாற்று என்றார் எஃப்ரேன். இது இடக்கைக்காரர்களின் கடலாம். அவருடைய தம்பி இடக்கைக்காரன், அதனால் ஊரிலேயே அதிக சேவல் மீன் பிடித்தவன் அவன்தானாம். இவர் கயிற்றைச் சுற்றினார். கையை மாற்றுவது எங்கள் வழக்கமில்லை என்று நான் சொன்னேன். தெரபிஸ்ட் வலக்கைக்குத்தான் வேலை கொடுக்கச் சொன்னார் என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு. சோற்றில் பாதி மேசையில். கரண்டி கொடுக்கலாமே என்று மருமகள் கேட்பாள். அந்தக் கையில் கரண்டி நின்றால்தானே. மிச்சத்தை நான் ஊட்டினேன். யன்னல் சீலையை இழுத்துவிட்டுத்தான்.

ஜனவரி 10, சனி

பிரணவன் வீடியோவில் வந்தான். சாப்பாட்டு நேரத்தில் எடுக்கவேண்டாம், அந்த நேரம் இங்கே சிக்னல் கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்பாவின் காதில் என்ன பிளாஸ்டர் என்று கேட்டான். நுளம்பு கடித்தது என்றேன். எவ்வளவு பெரிய நுளம்பம்மா என்றான்.

ஜனவரி 12, திங்கள்

விடிய: காற்று இல்லை. அலை: முழங்கால். தண்ணீர்: கண்ணாடி.

டாக்டர் காலை நடை நல்லது என்றதால் இவர் காலையில் நடக்கப் போகிறார். ஒரு தூண்டிலையும் எடுத்துக்கொண்டு நடக்கிறார். கரையின் கோடியில் ஒரு பாறை இருக்கிறது, அதற்கு அங்கால் போய் நின்று நடக்கிறார்.

நான் பார்க்கவில்லை. குசினி யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மிகவும் அழுக்கான யன்னல், ஒரு மணித்தியாலம் எடுத்தது. எந்தக் கையால் வீசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கயிறு மட்டும் தெரிந்தது. வாசலில் கோலம் இழுப்பதுபோல வளைந்து, நேராக நீண்டு, சத்தமில்லாமல் விழுந்தது.

கலியாணம் பேசி வந்தபோதே மாமி பெருமையாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் இவர் எல்லாவற்றுக்கும் இடக்கையைத்தான் நீட்டுவாராம். மாமி அந்தக் கையைத் துணியால் கட்டிவைத்து மாற்றினாராம். நல்ல வேலை செய்தீர்கள் மாமி என்று நானும் சொன்னேன். சபையில் இடக்கையால் சோறு பிசைகிற மாப்பிள்ளையை யார் கட்டுவது?

ஜனவரி 13, செவ்வாய்

யன்னல் இன்றும் அழுக்கு.

ஜனவரி 15, வியாழன். தைப்பொங்கல்

காற்று: அதிகாலையிலேயே எழும்பிவிட்டது. பசிபிக் கடலுக்குப் பொங்கல் என்று யாரும் சொல்லவில்லைப் போலும்.

எஃப்ரேன் மூன்று கல் கொண்டுவந்து தந்தார். மணலில் அடுப்பு மூட்டினேன். சூரியன் கடல் பக்கம் உதிக்காத ஊர், அதனால் தோப்பைப் பார்த்துப் பொங்கினோம். பால் பொங்கி வழிந்தது. எங்கள் வீட்டில் பால் பொங்கியதும் அவர்தான் மூன்று கை அரிசி அள்ளிப் பானையில் போடுவார். முதலாவது கை அரிசி பானைக்கு வெளியே மணலில் கொட்டுண்டது. இரண்டாவது பாதி நெருப்பில். மூன்றாவதுக்கு அவர் இடக்கையை அரிசிக்குள் விட்டார்.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வலக்கையால போடுங்கோ. தெரபிஸ்ட் சொன்னவ எல்லோ?"

அவர் கையை இழுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"தெரபிஸ்ட் வலக்கைக்குப் பயிற்சி குடுக்கச் சொன்னவ, மலர். மற்றக் கையைத் தொடாதையுங்கோ எண்டு சொன்னது நீர். இந்தக் கை நடுங்கிக் கொட்டுறதை ஆர் பாத்தாலும் உமக்குக் காரியமில்லை. நல்ல கையால சாப்பிடுறதைப் பாத்தாத்தான் உமக்கு வெக்கம்."

அரிசியைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டுவிட்டுக் கரையோரமாக நடந்துபோனார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மிச்ச அரிசியை நானே போட்டேன். சர்க்கரையும் பயறும் போட்டேன். நன்றாகத்தான் பொங்கியது. எஃப்ரேன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

காற்று: குறைவு. பேச்சு: அதைவிடக் குறைவு.

அவருடைய தேநீரை மேசையில் இடப்பக்கம் வைத்தேன். அவர் தேநீரைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். திரும்பியபோது கோப்பை காலி.

ஜனவரி 17, சனி

காற்று: வடமேற்கு, வழமைபோல். அலை: இடுப்பளவு. தண்ணீர்: கொஞ்சம் கலங்கல்.

இன்று பாறைக்கு அங்கால் போகவில்லை. வீட்டுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, இடக்கையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று கயிற்றை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறது, அவர் மேலே விழவே இல்லை. தூரம் இன்னும் போதாது. ஆனால் காது பத்திரம்.

கையின் பலம் அவருக்கே இன்னும் தெரியாது. பின்னுக்கு வீசிய ஒரு வீச்சில் கொடியில் காயப்போட்டிருந்த என்னுடைய பூப்போட்ட வீட்டுச் சட்டை கொழுவி, முன்னுக்குப் பறந்து, கடலுக்குள் போய் விழுந்தது. எஃப்ரேன் ஓடிப்போய்ச் சட்டையைத் தூக்கி, அளந்து பார்ப்பதுபோல விரித்துப் பிடித்து, இந்தப் பருவத்தின் மிகப் பெரிய மீன் என்று அறிவித்தார். பிறகு திரும்பக் கடலில் விடவேண்டும் என்றும் சொன்னார். பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

பின்னேரம் கொடியை வீட்டுக்குப் பின்னால் மாற்றிக் கட்டினேன்.

சோறு மட்டும் இன்னும் வலக்கைதான். தேநீர் வேறு, தூண்டில் வேறு, சோறு வேறு என்கிறார். யன்னல் சீலையை இழுத்துவிட்டு ஊட்டினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அலை: ஆளுயரம். எங்கோ வடக்கே புயலாம். தண்ணீர்: தேயிலைச் சாயம். மீன்பிடி: மறந்துவிடலாம்.

எஃப்ரேனின் டிரக் வண்டி மணலில் புதைந்துவிட்டது. மூன்று ஆண்கள் சுற்றி நின்று சக்கரத்தைச் சுழலவிட்டுச் சுழலவிட்டு அச்சுவரை இறக்கினார்கள். நான் அவர்களை விலகச் சொல்லிவிட்டு ஏறினேன். டயர் காற்றை அரைவாசி இறக்கி, தென்னோலை போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டி எடுத்தேன். ஸ்காபரோப் பனியைவிட இந்த மணல் எவ்வளவோ மரியாதையானது. இவர் ஓரத்தில் நின்று, அது என்ர மனுசி என்று ஊருக்கெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் நான்கு நாள். இரவில் நித்திரை குறைவு. இவர் பிடிக்கப்போவது மீனையா, எங்கள் வீட்டையா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

காற்று: வடமேற்கு, சரியான அளவு. அலை: இறங்கிவிட்டது. தண்ணீர்: பச்சைத் தெளிவு.

பதினொரு மணி இருக்கும். சூடைக்கூட்டம் கரைக்கு வந்து, அலை மடிகிற இடத்தில் மழைத்தூறல்போலத் துள்ளியது. அதற்குப் பின்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கொண்டை வந்தது. ஏழு முள்ளும் விரிந்து நின்றன. நான் என் வாழ்க்கையில் அப்படியொரு திமிர் பிடித்த மீனைப் பார்க்கவில்லை.

இவர் ஓடினார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஓடி நான் பார்த்தது இன்றுதான். இடக்கை பின்னுக்குப் போனது, முன்னுக்கு வந்தது, கயிறு காற்றோடு நீண்டு, பொய்மீன் கொண்டைக்கு முன்னால் போய் விழுந்தது. அடுத்த கணம் தூண்டில் வில்லாக வளைந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. கயிறு சுற்றும் சக்கரத்தின் கைபிடி இடப்பக்கம் இருக்கிறது. தூண்டிலை வலக்கையால் பிடித்து இடக்கையால் சுற்றுவதற்காகப் பூட்டியது. இப்போது இடக்கை தூண்டிலில். வலக்கையைக் குறுக்காகக் கொண்டுவந்தால் விரல் வழுக்குகிறது. மீனோ ஜப்பானை நோக்கிப் போகிறது.

"மலர், வாரும். இந்தப் பக்கம் வந்து சுத்தும்."

செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி அவருடைய இடப்பக்கம் நின்றேன். அவர் விடும் என்றால் விட்டேன், சுற்றும் என்றால் சுற்றினேன். ஒரு முறை தவறான நேரத்தில் சுற்றப் போய், தானாகச் சுழன்ற கைபிடியால் விரல்முட்டியில் நல்ல அடி வாங்கினேன். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் செய்தது இந்த அரை மணித்தியாலம்தான். பின்னாளில் அதைச் சாட்சியமாக எடுக்கவேண்டாம் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசியில் எஃப்ரேன் வாலைப் பிடித்துத் தூக்கினார். என் கை நீளம் இருக்கும். வெள்ளியில் செய்து, கறுப்பு மையால் இரண்டு பட்டை இழுத்ததுபோல. எல்லோரும் மூச்சு வாங்கினோம், மீனும்தான். கறிக்கு வேணுமென்றால் சொல்லும் என்று இவர் கேலியாகக் கேட்டார்.

"விடுங்கோ. வீட்டில பருப்பு இருக்கு" என்றேன்.

இடக்கையால் அதன் வாலைப் பிடித்து, தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டி, உயிர் வந்ததும் விட்டார். அது போன பிறகும் அந்தக் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்து அவரை எழுப்பினேன்.

ஜனவரி 23, வெள்ளி

நாளை பிரணவன். வீடு கூட்டினேன். பருப்பு ஊறுகிறது. இன்றும் சோறு வலக்கையால்தான் தொடங்கினார், இன்றும் நான்தான் ஊட்டி முடித்தேன். மகனுக்கு முன்னால் இடக்கையால் சாப்பிட மாட்டாராம். எங்கள் பிள்ளைக்கு நாங்கள் காட்டிய முறை அதுவல்லவாம். மீனைப் பிடித்துவிட்டோம், வீடு கைவிட்டுப் போகும்போல இருக்கிறது.

ஜனவரி 24, சனி

காற்று, அலை: பார்க்கவில்லை.

பத்து மணிக்குப் பிரணவன் வந்தான். மெலிந்திருக்கிறான். அப்பாவைக் கட்டிப்பிடித்தபோதே கண் அவருடைய கையில்தான் போனது. மீன் கதையை எஃப்ரேன் நடித்தே காட்டினார், அதில் மீனாகவும் நானாகவும் அவரே நடித்தார். பிரணவன் சிரித்தான், ஆனால் பரீட்சை மேற்பார்வையாளரின் சிரிப்பு.

மத்தியானம் எஃப்ரேனும் சேர்த்து நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். யன்னல் சீலையைத் திறந்துதான் விட்டிருந்தேன். இவர் இரண்டு கையையும் கழுவிவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் இருந்தார். வலக்கையை மேசைமேல் வைத்தார். விரல்கள் ஆடின. பிரணவன் தன் தட்டைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்தான். ஒருவரும் தொடங்கவில்லை.

நான் என்னுடைய இடக்கையைச் சோற்றுக்குள் வைத்தேன்.

பிறந்ததிலிருந்து அந்தக் கை சோற்றைத் தொட்டதில்லை. பிசையவே தெரியவில்லை அதற்கு. முதல் பிடி வாய்க்குப் போகுமுன் மடியில் விழுந்தது. இரண்டாவது பிடியில் பருப்பு மணிக்கட்டால் வழிந்து முழங்கைக்குப் போனது. மூன்றாவதில் பாதி மூக்கில். வெட்கம் வரும் என்று நினைத்தேன். அதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அடுத்த பிடியைப் பிடிக்கிற வேலை அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியது, அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார். பிறகு வலக்கையை மடியில் வைத்துவிட்டு, இடக்கையால் சோற்றைக் கிளறி, குழம்பு விட்டுப் பிசைந்து, உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய். அப்பளத்தை அந்தக் கையாலேயே நொறுக்கினார். ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கட்டிவைத்திருந்த கை, நேற்றுத்தான் சாப்பிட்டு எழும்பியதுபோல வேலை செய்தது.

பிரணவன் அப்பாவின் துப்புரவான தட்டைப் பார்த்தான். என் முகத்தையும் முழங்கையையும் மடியையும் பார்த்தான்.

"இதில ஆரை நான் கல்கரிக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

"கொம்மாவைக் கூட்டிக்கொண்டு போ" என்றார் இவர். "அவவுக்குத்தான் சாப்பிடத் தெரியேல்லை."

பிரணவன் எழும்பிக் குசினிக்குள் போனான். எனக்குக் கரண்டி எடுத்துவரத்தான் போனான். வர நேரமெடுத்தது. கண் சிவந்து வந்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

காற்று: வடமேற்கு, வலப்பக்கம். அலை: இடுப்பளவு. தண்ணீர்: தெளிவு. சூடை: நிறைய.

மகனும் தூண்டில் பழகுகிறான். அவன் வலக்கைக்காரன், பாவம். இரண்டு தரம் தொப்பியில் கொழுவிவிட்டது. இவர் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுக்கிறார்.

வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. பின்னேரம் தேநீர் குடிக்கும்போது அவனாகவே சொன்னான்.

"ஸ்காபரோ வீட்டுப் படிக்கு வலப்பக்கம் மட்டுந்தானே கைபிடி இருக்கு? அப்பாவுக்கு இடப்பக்கமும் வேணும். சித்திரையில வந்து நான் போட்டுத்தாறன்."